கண்ணாடிக் கதவில் வெள்ளைப் படலமா?

ஆசை ஆசையாகக் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு போடுகிறார்கள். சில மாதங்களில் அது பனி மூடியதுபோல் மங்கிவிடுகிறது. தினமும் தண்ணீர் படுகிற கதவு எப்படி அழுக்காகும்?

தண்ணீரும் சோப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு கூடி, நீரில் கரையாத படலமாகப் படிகின்றன. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் வரும். அதன்மேல் மறுபடி சோப்புப் போட்டுத் தேய்ப்பது வீண்வேலை.

வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சம அளவு எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் அடிக்கலாம். 15 நிமிடம் ஊறியபின் மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்துக் கழுவினால் போதும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். கீழ்ச்சட்டத்து இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். கம்பி நார் மட்டும் வேண்டாம். விழுந்த கீறல் போகாது.

மார்பிள், கடப்பா கல்லில் வினிகர் பட்டால் பளபளப்பு போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு அது சேரவே கூடாது, நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

கட்டி சோப்புக்குப் பதில் பாடி வாஷ் பயன்படுத்தும் வீடுகளில் இந்தப் படலம் குறைவு. அதைவிடச் செலவில்லாத வழி, கதவோரம் ஒரு சின்ன ரப்பர் வைப்பர். கடைசியாகக் குளிப்பவர் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெளியே வரட்டும்.