ஞானப் பல் பிடுங்கிய பிறகு

பூநகரியில் இருக்கிற நம் சொந்தங்களானாலும் சரி, மலையில் லயத்தில் இருக்கிற நாமானாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரி எட்டத்தில்தான். ஞானப் பல்லை வெட்டி எடுக்க ஒரு நாள் சம்பளம் போகிறது. வீட்டுக்கு வந்து புண் கெட்டால் மேலும் இரண்டு நாள் போய்விடும். ஆகவே இதைக் கவனமாய்ப் படியுங்கள்.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து நிற்கும். அது அழுக்கல்ல, எலும்பை மூடிக் காக்கும் மருந்துக்கட்டு. புதுசாய் நட்ட தேயிலைக் கன்றை ஆட்டினால் வேர் பிடிக்குமா? இதையும் ஆட்டக் கூடாது. அது கழன்றால் எலும்பு தெரியும். மூன்றாம் நாளளவில் காதுவரை குத்தும். இதை உலர் குழி என்பார்கள். கீழ்த்தாடை ஞானப் பல்லில்தான் இது அதிகம்.

முதல் நாள்

1. வைத்துவிட்ட துணியை அரை மணி நேரமாவது இறுக்கிக் கடித்திருங்கள்.
2. துப்பவோ, கொப்பளிக்கவோ, உறிஞ்சிக் குடிக்கவோ வேண்டாம்.
3. சூடான பிளேன்டீ வேண்டாம். ஆறிய கஞ்சி நல்லது.
4. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்துக் கடியுங்கள். நனைத்த தேயிலைப் பையும் உதவும். தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தை உறைய வைக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து

ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பின் வாயில் வைத்து மெதுவாய் வழியவிடுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். குழிக்குள் கிராம்போ புகையிலையோ வைக்காதீர்கள்.

"வெத்திலை போடாம மலையில நிக்க முடியாதே" என்பீர்கள். பாக்குத் தூள் குழியில் இறங்கும். புகையிலையும் பீடியும் புண் ஆறுவதைக் கெடுக்கும். ஆறும்வரை விடுங்கள். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயைத் தருபவை; விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

வலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் ஒரு தடவைக்கு 2, ஆறு மணிக்கு ஒரு முறை எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. டொக்டர் வேறு மருந்து தந்தால் சொன்ன நாள்வரை குடித்து முடியுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

கடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், மூன்று நாளுக்குப் பின் வீக்கமோ வலியோ கூடினால். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால் இரவென்றும் பார்க்காதீர்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: முதல் நாள் ஏன் துப்பக் கூடாது? உப்புத் தண்ணீர் எப்போது தொடங்க வேண்டும்?