உதவி கேட்கும் முன்: எந்த வேலைக்கு எந்தப் பணம்?

கடப்பாக்கம் மாதிரி ஒரு கடலோர ஊருக்குத் தேவைகள் பலவிதம். அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும். ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய கழிமுகத்தைச் சுத்தமாக வைத்திருக்க வழி வேண்டும். மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, காதில் விழுந்த அறக்கட்டளைக்கெல்லாம் அனுப்புவது நம் வழக்கம். ஒரு வேலை எத்தனை வருஷம் நடக்க வேண்டும் என்று முதலில் பார்த்து, அத்தனை வருஷம் வரக்கூடிய பணத்தைத் தேடினால் அலைச்சல் பாதியாகும்.

கம்பெனிப் பணம் (சி.எஸ்.ஆர்.)

2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் சென்னைத் தலைமை அலுவலகங்களுக்கு எழுதுவதைவிட, மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று நம் மாவட்டத்திலேயே தொழிற்சாலை வைத்திருப்பவர்களிடம் போவது மேல்.

கழிப்பறை, வகுப்பறை, பெஞ்ச் போன்ற ஒருமுறைச் செலவுக்கு இது பொருத்தம். மாதச் சம்பளத்துக்கு இதை நம்ப முடியாது: தொடர் திட்டம் என்று ஒப்புக்கொண்டாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுதான் வரம்பு. ஊர்ச் சங்கமே பணத்தை வாங்கிச் செலவிட வேண்டுமானால் வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு ஆகியவற்றோடு மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அது இல்லாத ஊர், அரசுப் பள்ளி வேலைக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகப் போகலாம். முன்னாள் மாணவர்களும் அதில் பணம் போடலாம்.

நமக்கு நாமே திட்டம்

மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். கடப்பாக்கம் இடைக்கழிநாடு பேரூராட்சியில் அடங்குவதால் பேரூராட்சி அலுவலகத்தில்தான் விண்ணப்பம். எஸ்டிமேட், டெண்டர் என்று தாமதமாகும். ஆனால் கட்டியது பேரூராட்சிச் சொத்தாவதால், மோட்டார் பழுதானால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். உங்கள் பங்கை ஓர் அறக்கட்டளையே கட்டவும் முன்வரலாம்.

ஊரோடு தங்கும் அறக்கட்டளை

வடநெம்மேலி முதலைப் பண்ணையை நடத்தும் அறக்கட்டளை, ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கியது. 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர் பலர் பிழைப்பை இழந்திருந்தார்கள். அவர்களுக்காக விட்டேகரின் முயற்சியில் 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை வனத்துறை அனுமதியோடு பிடித்து, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் வைத்திருப்பார்கள். சில வாரங்களில் சிலமுறை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. தானம் வாங்குபவர்களாக அல்லாமல் சங்க உறுப்பினர்களாக அவர்கள் நின்றதால்தான் அது இத்தனை வருஷம் ஓடுகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கழிமுகம், மீன்வளம் போன்ற நீண்டகால வேலைக்கு இப்படி ஊரோடு தங்கும் அறக்கட்டளைக்காரர்களே சரி. பலன் தெரிய வருஷங்களாகும். கட்டடம் கட்டித்தரச் சொன்னால் கைவிரிப்பார்கள். குப்பத்து மீனவர் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் கழிமுகத்தில் இறங்க நினைப்பவர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம்

வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் இதைத் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற நிறுவனமும் அதை இன்னொரு சங்கத்துக்குக் கைமாற்ற முடியாது. 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அவர்களே வந்து வேலை செய்யட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கழிப்பறைக்குக் கம்பெனி, பராமரிப்பு பயமிருந்தால் நமக்கு நாமே. கழிமுகத்துக்கு ஊரோடு தங்கும் அறக்கட்டளை. மாலை வகுப்புக்கு, வெளியாள் வந்துபோகும் திட்டத்தைவிட உள்ளூர்ப் பட்டதாரிக்கு மாத ஊக்கத்தொகை தருபவரைத் தேடுங்கள். பக்கத்து மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', மாதம் 1,000 ரூபாயில் உள்ளூர்த் தன்னார்வலர்களை வைத்துத்தான் நடந்தது.

மூன்றையும் ஒரே வருஷத்தில் கேட்காதீர்கள். சின்ன வேலையான கழிப்பறையை முதலில் முடித்து, ரசீதும் போட்டோவும் சேர்த்து, கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசியுங்கள். நீண்டநாள் பணம் தருபவர் முதலில் கேட்பது அந்தக் கணக்குநோட்டைத்தான்.