சிறியதா, பெரியதா? ஒரு கடிகார ஆராய்ச்சி

மணி பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டும் என்ற காலம் போய்விட்டது. சட்டைப் பையிலுள்ள தொலைபேசியே அவ்வேலையைச் செய்துவிடுகிறது. ஆயினும் நல்ல கடிகாரத்தின்மீது கொண்ட ஆசை மாணவரிடையே குறைந்தபாடில்லை. ஆசை குற்றமன்று, ஆனால் ஆசைப்படும் பொருளை அறியாமல் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையும் அன்று. ஆகவே, பலரும் தடுமாறும் ஒரு தேர்வை இங்கே எடுத்து ஆராய்வோம்.

லக்ஷ்மிபாய் நகரின் அரசு ஊழியர் குடியிருப்பில் வளர்ந்து, அங்குள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். உதவித்தொகையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவரிடம் இருக்கிறது. நிலவுக்குச் சென்ற கடிகாரமாகிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வேண்டும் என்பது அவர் நெடுநாளைய விருப்பம். முழு அளவுள்ள ‘புரொபெஷனல்’ 42 மில்லிமீட்டர் அகலம். புதிதாக வாங்கினால் பல இலட்சம் ரூபாய் ஆகும். ‘ரெட்யூஸ்ட்’ எனப்படும் சிறியது ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். அது 1988-இல் வெளிவந்தது. 2009-ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று பழையதாகத்தான் கிடைக்கும். விலையும் பொதுவாகக் குறைவு. எதை வாங்குவது?

விடை காணுமுன் இக்கருவி யாது என்பதை அறிதல் வேண்டும். இவ்வகைக் கடிகாரத்துக்குக் ‘குரோனோகிராப்’ என்று பெயர். காலத்தை எழுதுவது என்பது அச்சொல்லின் பொருள். 1821-இல் பாரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்பவர் பயன்படுத்திய கருவி, குதிரைகள் எல்லையை எட்டும் கணத்தில் முகப்பின்மேல் மைப்புள்ளி இட்டது. பெயர் அதனால் வந்தது. மை மறைந்தது, பெயர் நிலைத்தது. இன்று மேல்பொத்தானை அழுத்தினால் நடுமுள் ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப்பொத்தானை அழுத்தினால் 12-க்குத் திரும்பும்.

முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில் எண்கள் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வேகம் காட்டும் அளவுகோல். ஒரு கிலோமீட்டர் தொடங்கும்போது பொத்தானை அழுத்தி, முடியும்போது நிறுத்துக. 45 நொடி ஆனால் முள் 80-ஐக் காட்டும். 3600-ஐ 45-ஆல் வகுத்தால் கிடைப்பதும் 80 அன்றோ? அதுவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் வேகம். மோட்டார்ப் பந்தயத்தை மனத்திற்கொண்டே ஸ்பீட்மாஸ்டர் 1957-இல் பிறந்தது.

பின்னர் அதன் புகழ் விண்ணுக்கு ஏறியது. 1965 மார்ச்சில் அமெரிக்க விண்வெளித்துறையாகிய நாசா, மனிதர் செல்லும் பயணங்களுக்கு ஏற்றது என்று இதனை ஒப்புக்கொண்டது. 1969 ஜூலையில் ஆல்ட்ரின் இதனை அணிந்து நிலவில் நடந்தார். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 பழுதுற்றபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியைக் கணக்கிட்டது ஸ்விகர்ட்டின் கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டர்.

இவ்வரலாற்றில் நம் தேர்வுக்குப் பயன்படும் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. முழு அளவே மூல அளவு என்று பலர் நம்புகின்றனர். 1957-இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டரின் அகலமோ ஏறத்தாழ 39 மில்லிமீட்டர்தான்! சாவித்திருகியைக் காக்கும் மேடு அமைந்த 42 மில்லிமீட்டர் கூடு 1960-களின் நடுவில்தான் வந்தது. அளவு ஒன்றையே கொண்டு, ‘பெரியது அசல், சிறியது நகல்’ என்று கூறுதல் பொருந்தாது.

அவ்வாறாயின் இரண்டும் ஒன்றா? இல்லை. வேறுபாடு உள்ளே இருக்கிறது. பெரியதில் மணி காட்டும் பொறியும் நொடி எண்ணும் பொறியும் ஒரே உடலாக அமைந்தவை. நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டும். சிறியதிலோ, கை அசைவில் தானே சாவி ஏறும் ஓர் அடிப்பொறி இருக்கிறது. அதன்மேல், முகப்புக்குக் கீழே, நொடி எண்ணும் மேற்பொறி ஒன்று தனியே பொருத்தப்பட்டிருக்கிறது. மாடிமேல் மாடி என்று கொள்க. சாவித்திருகி கீழ்மாடியிலும் பொத்தான்கள் மேல்மாடியிலும் இருப்பதால், பக்கவாட்டில் நோக்கினால் அவை ஒரே நேர்கோட்டில் இரா. அதைக் கண்டு பழுது என்று அஞ்ச வேண்டா, அமைப்பே அதுதான். ஓயாது ஓடும் சிறு நொடிமுள்ளும் பெரியதில் 9 மணிப் பக்கத்திலும், சிறியதில் 3 மணிப் பக்கத்திலும் இருக்கும்.

இவ்வமைப்பால் விளைவது என்ன? சிறியதை அன்றாடம் அணிவோர்க்குச் சாவி கொடுக்கும் தொல்லை இல்லை. ஆனால் பழுது பார்ப்பவர் மேற்பொறியைப் பிரித்துச் சீர்செய்வதைவிட முழுதாக மாற்றவே பெரும்பாலும் விரும்புவர். ஆகவே மலிவாக வாங்கியது பராமரிப்பில் மலிவாக இருக்கும் என்று எண்ணுதல் தவறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் இடும் செலவு இரண்டுக்கும் உண்டு. வாங்கும் விலையோடு அச்செலவையும் கூட்டியே கணக்கிடுக.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 3 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 42-இன் வர்க்கம் 1764. 39-இன் வர்க்கம் 1521. பரப்பில் 16 விழுக்காடு வேறுபாடு! மெல்லிய மணிக்கட்டில் இது தெளிவாகத் தெரியும். கடைக்குச் செல்லுமுன் இரண்டு அளவிலும் அட்டையில் வட்டம் வெட்டிக் கையில் வைத்துப் பாருங்கள். கடையில், பட்டை மாட்டும் கொம்புகள் மணிக்கட்டின் தட்டையான பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அக்கடிகாரம் உங்கள் கைக்கு உரியதன்று.

பழையதை வாங்குவோர் மேலும் சில சோதனைகள் செய்தல் நலம். மேல்பொத்தானை அழுத்தும்போது நடுமுள் துள்ளாமல் புறப்பட வேண்டும். கீழ்ப்பொத்தானை, முள்ளை நிறுத்திய பின்னரே அழுத்துக; அப்போது முட்கள் சரியாக 12-இல் வந்து நிற்க வேண்டும். சில மணி நேரம் ஓடவிட்டு, நிமிடமும் மணியும் எண்ணும் சிறுமுட்கள் நகர்கின்றனவா என நோக்குக. ஏறத்தாழ 1997 வரை செய்தவற்றில், இருளில் ஒளிர டிரிட்டியம் பூசினர். அதன் ஆற்றல் 12 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பாதியாகிவிடும். எனவே அத்தகைய பழைய முகப்பு ஒளிராமை குறையன்று. முகப்பு மங்கி, முட்கள் மட்டும் பளிச்சென ஒளிர்ந்தால், முட்கள் பின்னர் மாற்றப்பட்டவை என்று ஐயுறலாம். கூட்டின் விளிம்புகள் மழுங்கியிருந்தால் பலமுறை தேய்த்து மெருகிட்டிருப்பர். எப்போது, யார் சுத்தம் செய்தார் என்பதற்குச் சீட்டு உண்டா என்று கேளுங்கள். சீட்டு இல்லையெனில் அச்செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

இனித் தீர்ப்புக்கு வருவோம். நம் மாணவர் தம் உள்ளத்தைக் கேட்க வேண்டிய வினா ஒன்றே: எனக்கு வேண்டியது எது? நாள்தோறும் சாவி கொடுக்கும் அந்த நிலவுக் கடிகாரத்தின் வழித்தோன்றல்தான் வேண்டும் என்றால், சிறியது அவ்வாசையைத் தீர்க்காது. 1988-இல் பிறந்த அது நிலவுப் பயணங்களைக் கண்டதில்லை. அதை இன்று வாங்குவார். இரண்டு ஆண்டில் சலிப்பார். நட்டத்தில் விற்றுப் பெரியதை வாங்குவார். இரட்டைச் செலவு! அவர் பொறுத்திருந்து சேமிப்பதே நன்று. மெல்லிய கைக்கு அளவாக, தானே சாவி ஏறுவதாக, அழகிய முகப்புடையதாக ஒன்று வேண்டும் என்றால், நல்ல நிலையிலுள்ள சிறியதைத் தயங்காமல் வாங்கலாம். அதில் தாழ்வு எதுவும் இல்லை.

சிறியதைச் சிறியதற்காகவே வாங்குக; பெரியதற்கு ஈடாக வாங்கற்க. நண்பர் கையைப் பார்த்து எடுக்கும் முடிவு நம் கைக்குப் பொருந்தாது. இரண்டுமே இன்னும் கைக்கெட்டவில்லை என்றால் அதிலும் வெட்கமில்லை. அப்பா ஓய்வு பெறும் ஆண்டில் வீட்டுக்கு வேண்டியவை பல இருக்கும். கடிகாரம் காத்திருக்கும், காத்திருக்கப் பழகியவர்க்கே அதன் அருமையும் தெரியும்.