அமிலங்களின் வலிமையும் காரத்துவமும்

உடையார்பாளையம், செயங்கொண்டம், ஆண்டிமடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் முந்திரித் தோப்புகள் மிகுதி. முந்திரிக் கொட்டையை உடைப்போர் கைகளில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். ஓட்டினுள் ஊறியிருக்கும் பழுப்புநிற எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் எழும், தோல் உரியும். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி அனகார்டிக் அமிலமாகும். இத்துணைத் துன்பம் தரும் அமிலம் வலிமை மிக்கதாகவே இருக்கவேண்டும் என எண்ணத் தோன்றும். வேதியியலோ அதனை வலிமை குறைந்த அமிலங்களுள் ஒன்றாகவே வகைப்படுத்துகிறது. இதனை விளங்கிக்கொள்ள வலிமை, செறிவு, காரத்துவம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் அறிதல் வேண்டும்.

நீரில் கரைந்த அமிலம் எந்த அளவிற்கு அயனியாகிறது என்பதே அதன் வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீர்த்த கரைசலில் ஏறக்குறைய முழுமையாக அயனியாகிறது; எனவே அது வலிமை மிகு அமிலம். அசிட்டிக் அமிலத்தின் 0.1 மோலார் கரைசலில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 13 மட்டுமே அயனியாகின்றன. ஏனையவை மூலக்கூறுகளாகவே உள்ளன. அதன் பிரிகை மாறிலி 25 டிகிரி செல்சியசில் 1.8 × 10⁻⁵. நீர் சேர்த்தால் அயனியாகும் பங்கு கூடும், மாறிலி மாறாது.

செறிவு என்பது கரைசலில் எவ்வளவு அமிலம் கலந்துள்ளது என்பதைக் குறிக்கும். ஆய்வகக் குப்பியில் ‘நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என எழுதியிருப்பினும் அது வலிமை மிகு அமிலமே. நீரற்ற அசிட்டிக் அமிலம் செறிவு மிக்கது, தோலைப் புண்ணாக்க வல்லது. எனினும் வலிமை குறைந்தது. தேர்வுத்தாள்களில் மாணவர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுவே.

அனகார்டிக் அமிலம் தரும் தீங்கு அதன் அயனியாதலைப் பொறுத்ததன்று. அதன் மூலக்கூறில் 15 கார்பன் அணுக்களைக் கொண்ட நெடிய தொடர் உள்ளது. அத்தொடர் தோலின் கொழுப்புப் படலத்தினுள் எளிதில் ஊடுருவ உதவுகிறது. உடலும் அதனை எதிர்த்து ஒவ்வாமை கொள்கிறது. எண்ணெயில் உடனிருக்கும் கார்டால் என்னும் சேர்மமும் இவ்வாறே துன்புறுத்தும். ஹைட்ரோபுளூரிக் அமிலத்தையும் இங்கு நினைவிற்கொள்க. அது வலிமை குறைந்த அமிலம். ஆயினும் கண்ணாடியை அரிக்கும், உடலில் பட்டால் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும். ‘வலிமை குறைந்தது’ என்பதைத் ‘தீங்கற்றது’ எனப் பொருள் கொள்ளலாகாது.

இனி, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு ஓர் ஆய்வு செய்யலாம். இரு குடுவைகளில் ஒரே அளவுள்ள கற்சில்லுகளைத் தேவைக்கு மிகுதியாக இடுக. ஒன்றில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., மற்றொன்றில் அதே செறிவும் பருமனும் உள்ள அசிட்டிக் அமிலம் ஊற்றுக. முன்னதில் குமிழ்கள் விரைந்து எழும். பின்னதில் மெதுவாக எழும். போதிய நேரம் காத்திருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கார்பன் டைஆக்சைடைத் தரும். ஹைட்ரஜன் அயனிகள் செலவாகச் செலவாக, எஞ்சிய அசிட்டிக் அமில மூலக்கூறுகளும் அயனியாகிக் குறையை நிரப்புவதே காரணம். வலிமை மிகு சல்பியூரிக் அமிலத்தை ஊற்றினாலோ, சற்று நேரம் நுரைத்தபின் வினை தளர்ந்துவிடும். எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படிந்து மூடிவிடுகிறது.

ஓர் அமில மூலக்கூறு காரத்துடன் வினைபுரிகையில் தரவல்ல ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கை அதன் காரத்துவம். இதனை வாய்பாட்டிலுள்ள ஹைட்ரஜன்களை எண்ணிக் கூறிவிட முடியாது. அசிட்டிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன்கள் உள. ஆக்சிஜனுடன் பிணைந்த ஒன்றே பதிலீடாகும். ஆகவே அது ஒற்றைக் காரத்துவ அமிலம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரட்டைக் காரத்துவமும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் மும்மைக் காரத்துவமும் உடையவை. பாஸ்பாரிக் அமிலம், பாஸ்பரஸ் அமிலம் இரண்டிலும் மூன்று ஹைட்ரஜன்கள் இருப்பினும், பின்னதில் ஒரு ஹைட்ரஜன் பாஸ்பரசுடன் நேரடியாகப் பிணைந்துள்ளதால் அது இரட்டைக் காரத்துவமே உடையது.

காரத்துவம் கூடினால் வலிமை கூடும் என்பதும் பிழை. மும்மைக் காரத்துவப் பாஸ்பாரிக் அமிலம், ஒற்றைக் காரத்துவ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தினும் வலிமை குறைந்தது. தரம்பார்த்தலில் காரத்தின் அளவை முடிவு செய்வது காரத்துவமே. 0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக், அசிட்டிக் அமிலங்களில் எதனை 25 மி.லி. எடுப்பினும், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. தேவைப்படும், ஆக்சாலிக் அமிலத்திற்கோ 50 மி.லி. வேண்டும்.

பயிற்சி: 0.1 மோலார் பாஸ்பரஸ் அமிலம் 20 மி.லி.யை முற்றிலும் நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எத்தனை மி.லி. தேவை? அமிலத்தின் வலிமை உங்கள் விடையை மாற்றுமா?