‘நம்பர் 1’ என்று போட்டால் முதலிடம் வராது

நம்பிக்கை: வலைப்பக்கத் தலைப்பில் ‘பெஸ்ட்’, ‘டாப்’, ‘நம்பர் 1’ என்று சேர்த்தால் கூகுளில் முதலில் வரும்.

உண்மை: வராது. எத்தனை முறை சொன்னாலும் கடைக்காரர்கள் இதையே திரும்பக் கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். ஊரில் உள்ள எல்லாக் கடையும் ‘நம்பர் 1’ என்று போட்டுக்கொண்டால், அதை வைத்து யாரை முன்னால் நிறுத்துவது? தன் பெருமையை யாரும் எழுதிக்கொள்ளலாம் என்பதால்தான், பிறர் கொடுக்கும் இணைப்புகளை எடைபோடும் முறையோடு 1998இல் கூகுள் வந்தது.

தலைப்புக்கு மதிப்பு உண்டு; பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது சொன்னால். ‘பெஸ்ட் டாப் நம்பர் 1 லேம்ப்ஸ்’ என்பதில் ஒரு தகவலும் இல்லை. ‘நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்கு: உயரம், எடை, விலை’ என்று எழுதுங்கள். வாங்க வருபவர் தேடுவது இதைத்தான். தலைப்பு பக்கத்தோடு ஒட்டாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்துக்குள் இருக்கும் வேறு தலைப்பைக் கூகுளே எடுத்துக் காட்டலாம்.

‘பெஸ்ட் டென்டிஸ்ட்’ என்றுதானே மக்கள் தேடுகிறார்கள் என்பார்கள். அப்படித் தேடினாலும் உள்ளூர் முடிவுகளில் பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றும்தான் முக்கியம். பிரபலத்தில் வாடிக்கையாளர் விமர்சனங்களும் சேரும். மிகைப்படுத்தாத தலைப்பு வையுங்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயரோடு ‘பெஸ்ட்’, ‘நம்பர் 1’ சேர்க்க 2021இலேயே தடை வந்துவிட்டது.

நம்பிக்கை: கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு ‘பெஸ்ட்’ சேர்க்கலாம்.
உண்மை: கடை எந்தப் பெயரில் நடக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். மீறினால் பதிவு முடக்கப்படலாம்.

நம்பிக்கை: பக்கத்தின் நிரலில் தேடுசொற்களுக்கென்று இருக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேகில் பெருமைச் சொற்களை நிரப்பலாம்.
உண்மை: தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

நம்பிக்கை: தலைப்பு 60 எழுத்தைத் தாண்டினால் தண்டனை.
உண்மை: அப்படி ஒரு வரம்பே இல்லை. திரையில் இடம் போதாவிட்டால் வெட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: சொந்த வலைத்தளத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.
உண்மை: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வலைத்தளத்தில் எழுதுவதும் விளம்பரமே. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் வியாபாரம், தமிழ் பேசும் வாடிக்கையாளர். பக்கம் மட்டும் ஏன் முழுக்க ஆங்கிலத்தில்? தமிழில் தட்டித் தேடுபவருக்குக் காட்ட உங்களிடம் ஒரு வரிகூட இல்லை. ‘பெஸ்ட்’டை அழித்துவிட்டு, பொருளையும் ஊரையும் விலையையும் இன்றைக்கே தமிழில் எழுதுங்கள்.