திரைக்கு முன் ஒரு தேர்வு நாள்

நுழையும்முன்

பள்ளித் தேர்வில் வினாத்தாளைப் பார்த்து விடை எழுதுகிறோம். வேலைக்கான தேர்வு அவ்வளவில் முடிவதில்லை. ஒருவர் எவ்வாறு சிந்திக்கிறார், பிறரோடு எவ்வாறு சேர்ந்து பணியாற்றுகிறார் என்பவற்றை அரை நாளோ ஒரு நாளோ உடனிருந்து பார்த்து மதிப்பிடும் முறையும் உண்டு. அதனை மதிப்பீட்டு நாள் என்பர். இன்று அது இணையவழியாகவும் நடைபெறுகிறது. உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ அதற்கு ஆயத்தமாகிக் கொண்டிருக்கலாம். சில ஆண்டுகளில் நீங்களும் ஆயத்தமாவீர்கள்.

பாடம்

1. சொல்ல ஒன்றுமில்லையா?

நாக்பூர் நகரின் அஜனிப் பகுதியில் இரயில்வே குடியிருப்புகள் உள்ளன. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி அங்கே பெற்றோருடனும் தம்பியுடனும் வசித்து வந்தாள். தந்தை இரயில் இஞ்சின் பணிமனையில் வேலை செய்பவர். தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். பட்டப்படிப்பை முடித்த அம்மாணவிக்கு ஒரு நிறுவனத்திலிருந்து இணையவழி மதிப்பீட்டு நாளுக்கான அழைப்பு வந்தது. காலை 9.30 மணி முதல் பிற்பகல் 1.30 மணி வரை அவள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்க வேண்டும்.

அது மே மாதம். நாக்பூரின் கோடையில் கூலர் இல்லாமல் அறைக்குள் இருக்க இயலாது. கூலர் ஓடினாலோ அதன் இரைச்சலில் பேச்சு கேட்பதில்லை. குழுக் கலந்துரையாடலில் மற்ற ஐவரும் மாறி மாறிப் பேசினர். இவள் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அந்த முறை வரவே இல்லை. பின்னர் நேர்காணலில், "நீங்கள் தீர்த்து வைத்த சிக்கல் ஒன்றைக் கூறுங்கள்" என்றனர். கல்லூரி விழா ஒன்றைப் பற்றிக் கூறினாள். "நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் நடத்தினோம்" என்றாள். "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டனர். அவளிடம் விடை இல்லை. வேலையும் கிடைக்கவில்லை.

சில நாள்கள் கழித்து என்னைக் காண வந்தாள். "ஐயா, எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே இல்லை" என்றாள். நான் அவளுடைய பழைய விடுப்புக் கடிதங்களை நினைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் படித்தபோது, "என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால்" என்று அவள் எழுதிய கடிதங்கள் அவை. மருத்துவர் இந்தியில் பேசுவார்; மருந்துக் கடைக்காரர் மராத்தியில் பேசுவார்; மகள் இரண்டையும் தமிழாக்கித் தாய்க்குச் சொல்வாள். அவள் அதனை ஒரு திறமையாக எண்ணியதே இல்லை. வகுப்புத் தோழியர் அறிந்தால் நகைப்பார்களோ என்று மறைத்தும் வைத்திருந்தாள்.

2. மதிப்பீட்டு நாள் வந்த வழி

இம்முறை படைத்துறையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டில், பிரிட்டன் தன் படை அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கத் தேர்வு வாரியங்களை அமைத்தது. விண்ணப்பித்தோரைச் சிறு குழுக்களாக்கி, ஒரு பணியை ஒப்படைத்து, அவர்கள் செயற்படும் விதத்தை நோக்கினர். 1956இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமாகிய ஏ.டி. அண்ட் டி. தன் மேலாளர்களைப் பற்றிய நீண்டகால ஆய்வில் இத்தகைய முறையைக் கையாண்டது. பின்னர் இது பல நிறுவனங்களுக்கும் பரவியது.

நம் நாட்டில் முப்படைகளுக்கும் அதிகாரிகளைத் தெரிந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு போபால், பிரயாக்ராஜ், பெங்களூரு முதலிய இடங்களில் நடைபெறுகிறது. உளவியல் தேர்வு, குழுப்பணி, நேர்காணல் எனப் பல நாள் நீளும் தேர்வு அது. படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 2020இல் பெருந்தொற்று பரவியபோது நிறுவனங்கள் பலவும் மதிப்பீட்டு நாளைத் திரைக்கு மாற்றின. தொற்று தணிந்த பின்னும் அவ்வழக்கம் நீடிக்கிறது.

அந்நாளில் பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். அவை குழுக் கலந்துரையாடல், குறுகிய நேர உரை, பல மின்னஞ்சல்களைப் படித்து எதற்கு முதலில் விடையளிப்பது என்று முடிவு செய்யும் பயிற்சி, நேர்காணல் என்பன. ஒருவரையே பல மதிப்பீட்டாளர்கள் பல பகுதிகளில் பார்ப்பர். ஆதலால் ஒரு பகுதியில் தடுமாறினாலும் மனம் தளரக் கூடாது. அடுத்த பகுதியில் நம்மைக் காட்டிக்கொள்ள இடமுண்டு.

3. வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களின் பெயர்களைப் பாருங்கள்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ஒரு வினையைத் தொடங்கும் அரசன் எண்ண வேண்டியவை இவை. வேலை தேடும் இளைஞரும் இவ்வரிசையிலேயே ஆயத்தமாகலாம். இவற்றை அடுத்து வரும் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆராய்ந்து பார்த்து ஒருவரை நம்புதல் என்பது அதன் பொருள். திரைக்கு அப்பால் இருப்பவர் செய்வதும் அதுவே.

தெரிந்து செயல்: அழைப்புக் கடிதத்தை இருமுறை படிக்க வேண்டும். எந்தச் செயலி, எத்தனை பகுதிகள், என்ன சான்றுகள், இணைப்பு அறுந்தால் யாரை அழைப்பது ஆகியவற்றைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். தொலைபேசி எண் கணினிக்குள் மட்டும் இருந்தால், கணினி நின்றதும் எண்ணும் மறைந்துவிடும்.

வலியறிதல்: நம்மிடம் உள்ள வலிமையைக் கணக்கிடுதல். இதற்கு நான்கு படிகள் உதவும். சூழல், பணி, செயல், விளைவு என்பன அவை. அம்மாணவியும் நானும் அமர்ந்து அவளுடைய மருத்துவமனை அனுபவத்தை இவ்வாறு எழுதினோம்.

சூழல்: என் தாய்க்கு இந்தியும் மராத்தியும் தெரியாது. எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்தது.
பணி: மருத்துவர் கூறியதைப் பிழையின்றி விளங்க வைப்பது என் பொறுப்பாயிற்று.
செயல்: மருத்துவர் கூறியதை அவரிடமே திரும்பச் சொல்லிச் சரிபார்த்தேன். மாத்திரைகளைக் காலை, நண்பகல், இரவு என மூன்று உறைகளில் பிரித்து, ஒவ்வோர் உறையிலும் தமிழில் எழுதினேன்.
விளைவு: தாய் என் துணையின்றித் தாமே மருந்து உட்கொள்ளத் தொடங்கினார். குடியிருப்பில் இருந்த வேறிரு தமிழ்க் குடும்பத்தாரும் இவ்வாறே எழுதித் தரக் கேட்டனர்.

எழுதி முடித்ததும் அவள் நெடுநேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுப்பு, கவனம், பிறருக்கு விளங்கும்படி கூறுதல் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. நிறுவனங்கள் தேடும் பண்புகளும் இவையே. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் பிள்ளைகளே வங்கியிலும் அஞ்சலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் பெற்றோரின் நாவாக நிற்கின்றனர். அது குறையன்று, அது பயிற்சி.

காலமறிதல்: முதல் நாளே அதே கணினியில், அதே நேரத்தில், நண்பர் ஒருவரோடு பேசிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் இணையம் எவ்வாறு உள்ளது என்பது அப்போது தெரிந்துவிடும். தேர்வு நாளன்று 15 நிமிடம் முன்னதாகவே இணைய வேண்டும். மடிக்கணினியும் கைப்பேசியும் முழு மின்னேற்றத்துடன் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் முறையையும் முன்பே பழகியிருக்க வேண்டும்.

இடனறிதல்: தனியறை இல்லாத வீடுகளே நம்மில் பலருக்கு உண்டு. அதற்காக வருந்த வேண்டியதில்லை. வெறுஞ்சுவர் ஒன்று பின்னால் இருந்தால் போதும். சன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டு தெரியும். நான்கு புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் மடிக்கணினியை வைத்தால் கேமரா கண்மட்டத்துக்கு வரும். ஒலிவாங்கியுடன் கூடிய காதணிக் கருவி இரைச்சலைக் குறைக்கும். குக்கரின் விசில், அழைப்பு மணி, தம்பியின் விளையாட்டு ஆகியவற்றை முன்கூட்டியே வீட்டாரிடம் பேசி ஒழுங்குபடுத்தலாம்.

4. கூட்டத்தில் பேசுதல்

கலந்துரையாடல் பட்டிமன்றம் அன்று. அதிகம் பேசியவர் வென்றவர் ஆகார். பேசாதிருப்பவரை மதிப்பிடவும் வழியில்லை. திரையில் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழுந்தால் இரண்டுமே கேளாமற் போகும். ஆகவே கையுயர்த்தும் குறியைப் பயன்படுத்த வேண்டும். பேசும்போது கேமராவை நோக்க வேண்டும். பேசாதபோது ஒலிவாங்கியை அணைத்து வைக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கருத்தையேனும் கூறிவிடுவது நல்லது. நேரம் கடக்கக் கடக்கத் தயக்கம் கூடும். முன்னவர் கூறியதன் சாரத்தை ஒரு தொடரில் கூறி, அதன்மேல் தன் கருத்தை வைப்பவர் தாம் கவனித்துக் கேட்டதையும் காட்டுகிறார். இதுவரை பேசாத ஒருவரைப் பார்த்து, "இதுபற்றி உங்கள் கருத்து என்ன?" என்று வினவுபவர் குழுவையே முன்னே நகர்த்துகிறார்.

5. இரண்டாம் அழைப்பு

ஆகஸ்டு மாதத்தில் அம்மாணவிக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை மழையால் கூலர் தேவைப்படவில்லை. இணைப்பு ஒருமுறை அறுந்தது. தாளில் எழுதியிருந்த எண்ணை அழைத்து நான்கு நிமிடத்தில் மீண்டும் சேர்ந்தாள். நேர்காணலில் சிக்கல் பற்றிய வினா வந்தது. அவள் மூன்று உறைகளின் கதையைக் கூறினாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் தாய், "என்னம்மா கேட்டார்கள்?" என்றார்.

"உங்களைப் பற்றித்தான் அம்மா சொன்னேன்" என்றாள் மகள்.

தாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மகள் அருகில் அமர்ந்து எல்லாவற்றையும் தமிழில் எடுத்துரைத்தாள். இரண்டு வாரம் கழித்து வேலைக்கான கடிதம் வந்தது.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்னேற்பாடு
மதிப்பீட்டாளர் – திறனை ஆராய்ந்து அளவிடுபவர்
வலி – வலிமை (இங்கு 'நோவு' என்னும் பொருள் இல்லை)
இடன் – இடம்
ஒலிவாங்கி – மைக்
நாவாக நிற்றல் – ஒருவருக்காகப் பேசுதல்
சாரம் – கருத்தின் சுருக்கம்

அறிந்துகொள்வோம்

வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் கூறக் கூடாது. அழைப்பு உண்மையானதா என்பதை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணை அழைத்து உறுதி செய்ய வேண்டும்.

மொழியோடு விளையாடு: நான், நாங்கள், நாம்

இந்தியில் 'ஹம்' என்னும் ஒரே சொல் பல இடங்களுக்கும் பொருந்தும். தமிழில் அவ்வாறன்று.

நான் – பேசுபவர் மட்டும்.
நாங்கள் – பேசுபவரும் அவரைச் சேர்ந்தவரும். கேட்பவர் அதில் இல்லை.
நாம் – பேசுபவரோடு கேட்பவரும் சேர்வர். இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர்.

"நாங்கள் விழா நடத்தினோம், அதில் நான் கணக்கைப் பார்த்தேன்" என்று கூறினால், குழுவின் உழைப்பும் தன் பங்கும் தெளிவாகத் தெரியும். குழுக் கலந்துரையாடலில் "நாம் இவ்வாறு முடிவு செய்யலாமா?" என்று கேட்டால், அனைவரையும் உடன் சேர்த்துக்கொண்டதாகும்.

பொருத்தமான சொல்லால் நிரப்புக (நான், நாங்கள், நாம்)

1. அம்மா, இன்று மாலை ______ இருவரும் கடைக்குப் போவோமா?
2. ஐயா, ______ மூவரும் சேர்ந்து இப்படத்தை வரைந்தோம். இதற்கு ______ வண்ணம் தீட்டினேன்.
3. நண்பர்களே, நேரம் முடியப்போகிறது. ______ ஒரு முடிவுக்கு வருவோம்.

குறுவினா

1. மாணவி முதல் நேர்காணலில் விடை கூற இயலாமற் போனது ஏன்?
2. உதவி எண்ணைத் தாளில் எழுதி வைப்பதன் பயன் என்ன?
3. "அது குறையன்று, அது பயிற்சி" – எது? ஏன்?

நெடுவினா

திருக்குறள் அதிகாரப் பெயர்கள் நான்கும் இணையவழித் தேர்வுக்கு ஆயத்தமாக எவ்வாறு வழிகாட்டுகின்றன என்பதை உம் சொற்களில் விளக்குக.

சிந்தித்து வரிசைப்படுத்துக

நீங்கள் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறீர்கள். காலை 10 மணிக்கு நான்கு செய்திகள் வந்துள்ளன. எதனை முதலில் செய்வீர்கள்? காரணத்தோடு எழுதுக.

அ) பிற்பகல் 3 மணிக் கூட்டத்துக்கு அறிக்கை வேண்டும் என்று மேலாளர் எழுதியுள்ளார்.
ஆ) தமக்குப் பொருள் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் இரண்டாம் முறையாக எழுதியுள்ளார்.
இ) அடுத்த மாதச் சுற்றுலாவுக்குப் பெயர் கேட்டு நண்பர் எழுதியுள்ளார்.
ஈ) உடன் பணியாற்றுபவருக்கு உடல்நலமில்லை, 10.30 மணிக்கு அவர் பேச வேண்டியவரிடம் நீங்கள் பேச வேண்டும்.

செயல்திட்டம்

உங்கள் பெற்றோருக்காகவோ அண்டை வீட்டாருக்காகவோ நீங்கள் மொழிபெயர்த்துப் பேசிய நிகழ்வு ஒன்றை நினைவுகூர்க. சூழல், பணி, செயல், விளைவு என நான்கு படிகளில் தமிழில் எழுதி, முதலில் வீட்டில் படித்துக் காட்டுக. பின்னர் வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக.