வீட்டிலே ஒரு வழங்கி

"கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று எம் முன்னோர் வினவினர். பிறர் சொல்லக் கேட்ட அறிவு விரைவில் கரைந்துவிடும். தானே செய்து பெற்ற அறிவே நிலைக்கும் என்பது இதன் கருத்தாகும். கணினியை நாள்தோறும் பயன்படுத்தும் நாம், அது தொழிற்படும் முறையை வீட்டிலிருந்தே கற்க உதவும் ஒரு பொழுதுபோக்கினை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நாம் இதனைத் தொடங்கியது ஓர் இழப்பின் பின்னரேயாகும். அம்மம்மா கதை சொல்லும் மூன்று ஒலிப்பதிவுகளை, மெல்பேணிலுள்ள எமது இல்லத்தில் ஒரேயொரு வன்தட்டில் வைத்திருந்தோம். அம்மம்மா மறைந்து சில மாதங்களில் அவ்வன்தட்டும் பழுதடைந்தது. இரண்டு பதிவுகளின் படிகள் சிட்னியில் வாழும் பெரியம்மாவிடம் இருந்தன. மூன்றாவது எவரிடமும் இருக்கவில்லை.

வழங்கி என்பது யாது?

பிற கணினிகள் கேட்பவற்றை எடுத்து வழங்கும் கணினியே வழங்கி எனப்படும். நூலகர் நாம் கேட்ட நூலைத் தேடித் தருவதைப் போன்றது இதன் பணி. இதற்கு மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியே போதுமானது. 2012 இல் பிரித்தானியாவில் வெளியான ராஸ்பெரி பை போன்ற, உள்ளங்கையில் அடங்கும் கணினிகளும் உதவும். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கத் தொடங்கிய லினக்ஸ் இவற்றை இயக்கும். அதனை இலவசமாகப் பெறலாம்.

கன்பராவில் பிறந்த மென்பொருள்

இத்துறையில் நாம் வாழும் அவுஸ்திரேலியாவுக்கும் பெருமை உண்டு. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர் அன்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 இன் இறுதியில், வேறுவகைக் கணினியொன்றிலுள்ள கோப்புகளைத் தமது கணினியிலிருந்தே திறக்க அவர் விரும்பினார். கணினிகள் வலையமைப்பில் பரிமாறும் தரவுகளை உற்றுநோக்கி, அவை உரையாடும் முறையைத் தாமே கண்டறிந்து ஒரு நிரலை எழுதினார். அதுவே பின்னர் 'சம்பா' எனப் பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் ஆங்கில எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடி அப்பெயரைத் தெரிவு செய்தார். வழங்கியிலுள்ள கோப்புகளை வீட்டின் பிற கணினிகள் தம்முடையவை போலத் திறக்க இன்று சம்பா வழிசெய்கிறது.

1996 இல் அவரும் போல் மக்கெராசும் 'ஆர்சிங்க்' என்னும் நிரலை வெளியிட்டனர். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி, விரைவாகப் படியெடுப்பது அதன் சிறப்பாகும்.

நாம் கற்றவை

எமது வழங்கியை அமைக்க இரண்டு வார இறுதிகள் சென்றன. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு என்பதையும், வழங்கியின் முகவரி மாறாதிருத்தல் நன்று என்பதையும் பிள்ளைகள் செய்து அறிந்தனர். 10 வாட் கருவி ஆண்டு முழுவதும் இயங்கினால் ஏறத்தாழ 88 கிலோவாட்-மணி மின்சாரமும், 60 வாட் கணினிக்கு ஏறத்தாழ 526 கிலோவாட்-மணியும் செலவாகும் எனக் கணக்கிட்டனர்.

ஒருநாள் மகன் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டார். அன்றிரவு வழமைபோலப் படியெடுத்தபோது, இரண்டாவது வன்தட்டிலிருந்தும் அது அழிந்துபோயிற்று! விடுமுறையில் பெரியம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்த வன்தட்டே எம்மைக் காத்தது. மாற்றங்களை அப்படியே பின்பற்றும் படி வேறு, பழைய நிலையைப் பேணும் காப்புப்படி வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

தொடங்குவோர் வழங்கியை வீட்டு வலையமைப்புக்குள் மட்டுமே வைத்திருத்தல் வேண்டும். வலுவான கடவுச்சொல்லும், மென்பொருள்களைத் தவறாது புதுப்பித்தலும் இன்றியமையாதன.

ஒரு படி போதாது

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாதுகாத்து வருகின்றது. ஆயினும் எம் வீட்டுப் பெரியோரின் குரலை நாமே பேணுதல் வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பதே கணினியாளர் கடைப்பிடிக்கும் விதி.

மாணவச் செல்வங்களே! கருவிகளை எப்போதும் வாங்கலாம். மறைந்தவரின் குரலை வாங்க இயலாது. இவ்வார இறுதியிலேயே தொடங்குங்கள்.

பயிற்சி

1. உங்கள் தாத்தா அல்லது பாட்டி சொல்லும் கதையொன்றைப் பதிவு செய்து, கோப்புக்குச் சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் இடுக.
2. அதன் மூன்று படிகளும் எங்கெங்கே இருக்கும் என எழுதுக.
3. 15 வாட் கருவி ஓராண்டில் கொள்ளும் மின்சாரத்தைக் கணக்கிடுக.